ஆறு மில்லிமீட்டர் தண்ணி

நான் யார் பேரையும் போடலம்மா. அதை முதல்லயே சொல்லிடுறேன். எங்க ஊர்ல வந்து கேட்டீங்கன்னா, 'புஷ்பகனி டீச்சர் கேள்வித்தாள்ல ஊர் வம்பை எல்லாம் எழுதி விட்டா'ம்பாங்க. நம்பாதீங்க. ஒரு கேள்வியிலயாவது ஒருத்தர் பேர் இருக்கான்னு காட்டச் சொல்லுங்க, பாப்போம். இருக்காது. 'ஒரு செயலாளர்'னு இருக்கும். 'ஒரு தலைமை ஆசிரியை'ன்னு இருக்கும். அவ்வளவுதான். எங்க பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியை ஒருத்தங்கதான்னா அதுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

அந்தக் கூடையை இப்படிக் குடுங்க, என் காலடியில வச்சுக்கிடுறேன். இந்த பஸ்ல மதுரை வரைக்குமா? நல்லது. நான் விருதுநகர்ல எறங்கிருவேன்.

எனக்கு இந்த வம்புப் பேச்சே ஆகாது பாத்துக்கோங்க. பள்ளிக்கூடம் விட்டா வீடு, வீட்டை விட்டா பள்ளிக்கூடம். எங்க எதிர்வீட்டுப் பையனுக்கு ஏன் இன்னும் பொண்ணு அமையலன்னுகூட நான் கேட்டதில்ல. ஜாதகத்துல ஏதோ தோஷம்னாங்க. ஜாதகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பையன் சிவகாசியில ஒரு பொண்ணைப் பாத்து வச்சிருக்கான், வெளியில சொல்லப் பயப்படுறான். அதெல்லாம் நமக்கு எதுக்கு?

நான் ஒம்பதாங்கிளாஸ் 'சி' பிரிவுக்குக் கணக்கு. பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம். 'சி' பிரிவுன்னாலே மத்த டீச்சருங்க எல்லாம் எனக்காக வருத்தப்படுவாங்க. பிள்ளைங்க தங்கமான பிள்ளைங்கதான். ஆனா கணக்குன்னா அப்படியே உறைஞ்சு போயிருவாளுக. அதுவும் கன அளவுப் பாடம் இருக்கே! 'ஒரு கனசெவ்வகத் தொட்டியின் நீளம், அகலம், உயரம் முறையே' அப்படின்னு ஆரம்பிச்சேன்னா போதும், 'முறையே'ங்கற வார்த்தை வர்றதுக்குள்ள பின் பெஞ்சுல ரெண்டு பேர் கொட்டாவி விட்டிருப்பாங்க.

ஒரு நாள் பொறுக்க மாட்டாம கத்திட்டேன். "ஏன்டி, மூணு எண்ணைப் பெருக்கத் தெரியாதா உங்களுக்கு? இதுல என்ன கஷ்டம்?"

பின் பெஞ்சுல ஒருத்தி எந்திரிச்சு, "அது யார் வீட்டுத் தொட்டி டீச்சர்?"ன்னா.

"யார் வீட்டுத் தொட்டியா இருந்தா என்ன?"

"யார் வீடுன்னு தெரிஞ்சா மனசுல ஒரு படம் வரும்ல டீச்சர். இது யாரோ எவரோ வீட்டுத் தொட்டி. அது நெறைஞ்சா என்ன, வழிஞ்சா என்ன?"

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி ஆயிருச்சும்மா. இத்தனை வருசம் பாடம் எடுக்கேன், எனக்கு இது தோணலையே! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நம்ம பிள்ளைகளுக்குப் படம் வர்ற மாதிரிதான் இனிமே கேள்வி எழுதணும்னு. இதுல வம்பு எங்கருந்து வந்துச்சு? முழுக்க முழுக்கக் கல்விதான்.

அந்தச் சமயம் பாத்துதான் எங்க ஹெச்செம் வசந்தமல்லிகா அம்மா மக கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு. பெரிய கல்யாணம். பொண்ணு வீட்டுச் சீர்னு முறுக்கும் அதிரசமுமா டின் டின்னா அடுக்கி, மாப்பிள்ளை வீட்டுக்கு வேன்ல போச்சு. ஊரே வாயைப் பொளந்துச்சு. முந்தின நாள் டின்ல அடுக்குறதுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். நல்ல மனசோட போனேன். அங்க பாத்தா, ஹெச்செம் அம்மா ஒவ்வொரு டின் அடியிலயும் பழைய பேப்பரைச் சுருட்டிச் சுருட்டி வச்சு அமுக்குறாங்க.

"என்ன மேடம் இது?"ன்னேன்.

"முறுக்கு நொறுங்கிரக் கூடாதுல்ல புஷ்பகனி, மெத்துனு இருக்கட்டும்"னாங்க.

மெத்துனு இருக்கட்டும்தான். அதுக்காகப் பத்து சென்டிமீட்டர் மெத்தையா? நான் ஒண்ணும் சொல்லல. வாயைத் தொறக்கல. யார்கிட்டயும் சொல்லல, எங்க வீட்டுக்காரர்கிட்டயும் பக்கத்து வீட்டு செல்லக்கிளிகிட்டயும் தவிர. அப்பறம் எங்க அக்காவுக்கு போன் பண்ணினப்போ பேச்சுவாக்குல வந்துச்சு. அவ்வளவுதான்.

ஆனா மாசப் பரீட்சைக்குக் கேள்வி எழுத உக்காந்தா, அந்த டின் வந்து கண் முன்னாடி நிக்குது. என்ன அழகான கனசெவ்வகம்! எழுதிட்டேன். 'ஒரு தலைமை ஆசிரியை தம் மகளின் திருமணத்திற்கு 20 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தகர டின்களில் முறுக்கு அனுப்பினார். ஒவ்வொரு டின்னிலும் அடியில் 10 செ.மீ. உயரத்திற்குப் பழைய செய்தித்தாள் வைக்கப்பட்டிருந்தது எனில், முறுக்கின் கன அளவு யாது? டின்னில் எத்தனை பங்கு செய்தித்தாள்?'

அன்னிக்கு அந்தப் பரீட்சை ஹாலைப் பாத்திருக்கணும் நீங்க. கேள்வித்தாளைக் குடுத்ததும் ஒருத்தி பக்கத்துல இருக்கவளை முழங்கையால இடிச்சா. அப்பறம் எல்லா ஸ்கேலும் பென்சிலும் சரசரன்னு ஓடுது! கொட்டாவியாவது ஒண்ணாவது. மொத்தக் கிளாசும் சரியாப் போட்டிருந்துச்சு. பன்னிரண்டாயிரத்துல எட்டாயிரம் கன சென்டிமீட்டர் முறுக்கு, மூணுல ஒரு பங்கு பேப்பர். படம் கேட்ட அந்தப் பின் பெஞ்சுப் பிள்ளை, கேக்காமலே டின்னை வரைஞ்சு, பேப்பர் இருக்கற இடத்துக்கு நிழல் வேற அடிச்சிருந்தா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

நான் நெனைச்சுப் பாக்காத ஒண்ணு என்னன்னா, ஹெச்செம் சம்பந்தி வீட்டுப் பிள்ளை ஒண்ணு அந்தக் கிளாஸ்ல இருந்துச்சு. அது கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டு போயிருச்சு. அங்க பரண்ல மிச்சம் இருந்த டின்னை எறக்கி, உள்ள ஸ்கேலை விட்டுப் பாத்திருக்காங்க.

மறுநாள் ஹெச்செம் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினாங்க.

"புஷ்பகனி, என் மக போன்ல அழுறா. மாமியார் எதுக்கெடுத்தாலும் ஸ்கேலை எடுத்துட்டு வர்றாங்களாம்."

"ஸ்கேல் உபயோகிக்கிறது நல்ல பழக்கம்தான மேடம்?"ன்னேன். மனசுல பட்டதைச் சொன்னேன். அதுக்குப் போய் அவங்களுக்கு அவ்வளவு கோவம்.

"நீ வேணும்னுதான எழுதின?"

"மேடம், உங்க பேர் அதுல எங்க இருக்கு? ஊர்ல எத்தனையோ தலைமை ஆசிரியைங்க."

அது நான்தான்னு அவங்க சொன்னா, பேப்பர் வச்சதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். சொல்லலன்னா என்னைத் திட்ட முடியாது. பேப்பர் வெயிட்டைப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்தாங்க. அப்பறம் போகச் சொல்லிட்டாங்க. அதுல இருந்து என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிடுவாங்க. நான் எதையும் மனசுல வச்சுக்கிடுற ஆள் இல்ல. ஆடிச் சீருக்கு அவங்க அனுப்பின டின்ல மூடி மூட முடியாத அளவுக்கு முறுக்கு இருந்துச்சாம். மகளுக்கு நல்லதுதான நடந்திருக்கு? அதைப் போய் அவங்ககிட்ட யார் சொல்றது.

சரி, இது ஒண்ணு. பெரிய விசயம் தண்ணி விசயம்.

எங்க காலனியில எங்க வீட்டைச் சேத்து முப்பது வீடு. பொதுவா ஒரு தொட்டி. குழாய்த் தண்ணி வந்து அதுல நெறையும், அதுல இருந்து தெருக் குழாய்க்கு வரும். தொறந்து மூடுற வால்வுச் சாவி சங்கச் செயலாளர் சொர்ணவேல் அண்ணாச்சி இடுப்புல. மாசி பிறந்தாலே எங்க பக்கம் தண்ணிக்கு நாய் பாடு. இந்த வருசம் ரொம்ப மோசம். தண்ணி விடுற அன்னிக்கு வீட்டுக்குப் பன்னிரண்டு குடம்தான்னுட்டாரு அண்ணாச்சி. "தொட்டி அவ்வளவுதான் பிடிக்குது தாயி, நான் என்ன, கண்ணீர் விட்டா நெறைக்க முடியும்?"ன்னு உருக்கமாப் பேசுவாரு. பொம்பளைங்க எல்லாம் 'ஐயோ பாவம், அண்ணாச்சியும் என்ன செய்வாரு'ன்னு குடத்தைத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

ஆனா அவரு மச்சான் பக்கத்துத் தெருவுல வாட்டர் சர்வீஸ் வச்சிருக்காரு. லாரியும் காரும் கழுவுறது. இங்க நாம குளிக்காம இருக்கோம், அங்க லாரி நாள் பூராக் குளிக்குது. நான் யாரையும் சந்தேகப்படுற ஆள் இல்லம்மா. சும்மா ஒரு நாள் சாயங்காலம் டேப்பை எடுத்துக்கிட்டு வாக்கிங் போனேன். தொட்டிப் பக்கமாப் போனேன். மூணு மீட்டர், ரெண்டு மீட்டர், ஒன்றரை மீட்டர்.

அடுத்த பரீட்சையில எழுதினேன். 'ஒரு குடியிருப்பின் பொதுத் தொட்டி 3 மீ. நீளம், 2 மீ. அகலம், 1.5 மீ. உயரம் உடையது. நிறைந்திருக்கும் தொட்டியிலிருந்து 30 வீடுகளுக்கு, வீட்டிற்கு 15 லிட்டர் குடத்தில் 12 குடம் வீதம் ஒரு செயலாளர் வழங்கினார் எனில், மீதி எத்தனை லிட்டர்? அது எங்கே?'

'அது எங்கே'ங்கறதுக்கு மார்க் கிடையாது. சிந்தனையைத் தூண்டறதுக்காகக் கேட்டது.

தொட்டி ஒம்பதாயிரம் லிட்டர். குடுத்தது ஐயாயிரத்து நானூறு. மீதி மூவாயிரத்து அறுநூறு. எங்க காலனிப் பிள்ளைங்க கிளாஸ்ல அஞ்சாறு பேர் இருக்காங்க. அன்னிக்குச் சாயங்காலம் பரீட்சைத் தாள் வீட்டுக்கு வீடு போயிருக்கு. மறுநாள் காலையில அண்ணாச்சி வீட்டு முன்னாடி காலனிப் பொம்பளைங்க எல்லாரும் குடத்தோட நிக்காங்க. நான் போகல, நமக்கு எதுக்கு வம்பு. மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். கொஞ்சம் நிறையத் துணி.

அண்ணாச்சி, "தொட்டி அளவு யார் சொன்னா?"ன்னாரு.

ஒரு பொம்பளை சொன்னா, "பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க. பாடத்துல தப்பு இருக்குமா அண்ணாச்சி?"

அன்னில இருந்து வீட்டுக்கு இருபது குடம். மச்சான் வாட்டர் சர்வீஸ்ல 'இன்று விடுமுறை'ன்னு போர்டு மாட்டினது, மழை வர்ற வரைக்கும் எறங்கல. காலனியில என்னைக் கண்டா பொம்பளைங்க கையெடுத்துக் கும்பிடாத குறைதான். நான் அலட்டிக்கிடவே இல்ல. மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு ரெண்டு நாள் சும்மா தெருவுல நடந்தேன், அவ்வளவுதான்.

அங்கயே நிறுத்தியிருக்கலாம். ஆனா எனக்குப் பிள்ளைகளை இன்னும் மேல கொண்டு வரணும்னு ஆசை. 'நீங்களே உங்க வீட்டைச் சுத்திப் பாத்து, ஆளுக்கு ஒரு கணக்கு எழுதிட்டு வாங்க. நல்ல கணக்கைக் கிளாஸ்ல எல்லாரும் போட்டுப் பாப்போம்'னு வீட்டுப்பாடம் குடுத்தேன். பீரோ, ஐஸ் பெட்டி, மீன் தொட்டின்னு என்னென்னமோ எழுதிட்டு வந்தாங்க. மதிவதனி முறை வந்துச்சு.

மதிவதனி யாருன்னா, நான் சொன்னேன்ல பக்கத்து வீட்டு செல்லக்கிளி, அவ மக. சத்தமே இல்லாத பிள்ளை. செல்லக்கிளியும் நானும் ஒரு காலத்துல நகமும் சதையுமா இருந்தோம். அவ வீட்டுக் கறிவேப்பிலை மரம் பாதி எங்க பக்கம்தான் சாஞ்சிருக்கும். சுவர் மேல கையை வச்சுக்கிட்டு நாங்க பேச ஆரம்பிச்சா அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுரும். மாசிக் கடைசியில ஒரு நாள் அவ நாத்தனார் குடும்பம் சொல்லாமக் கொள்ளாம வந்து எறங்கிருச்சு. சுவர்ப் பக்கமா வந்து, "டீச்சர், ரெண்டு குடம் தண்ணி இருக்குமா?"ன்னா. நான், "சொட்டுத் தண்ணி இல்லையே செல்லக்கிளி"ன்னேன். வேற என்ன சொல்ல? ஒருத்தருக்குக் குடுத்தா ஒம்பது பேர் வருவாங்க. அதுக்கு அவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. அதுக்கப்பறம் பேச்சுவார்த்தையே இல்ல. இல்லாட்டா எனக்கென்ன? நான்பாட்டுக்குக் கறிவேப்பிலையைக் கடையில வாங்கிக்கிட்டேன். வாசனையே இருக்காது அதுல.

மதிவதனி எந்திரிச்சா. நான்தான், "சத்தமாப் படிம்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்"னேன். நானேதான் சொன்னேன். படிச்சா.

"ஒரு கணித ஆசிரியையின் வீட்டு வாசலுக்கு அடியில் 2.5 மீ. நீளம், 2 மீ. அகலம், 2 மீ. ஆழம் உள்ள தொட்டி ஒன்று உள்ளது. அதில் தண்ணீர் நிறைந்துள்ளது. பக்கத்து வீட்டுக்காரர் 15 லிட்டர் குடத்தில் இரண்டு குடம் தண்ணீர் கேட்டார். ஆசிரியை கொடுத்திருந்தால், தொட்டியில் நீர்மட்டம் எவ்வளவு குறைந்திருக்கும்?"

கிளாஸ்ல ஃபேன் ஓடுற சத்தம்கூட எனக்குக் கேக்கலம்மா.

அது ஒளிச்சு வச்ச தொட்டி எல்லாம் இல்ல. சும்மா ஊர்ல பேசிக்கிடுறாங்க. வாசல்ல எல்லா வீட்டுலயும்தான் சிமெண்டுத் தளம் இருக்கும். எங்க தளத்துக்கு அடியில தண்ணி இருக்கு, அவ்வளவுதான வித்தியாசம்? அதுக்கு மேல கோலம் போட்டு, ரெண்டு பூந்தொட்டி வச்சா, அது ஒளிக்கிறதா? அழகுக்கு வைக்கிறது. லாரியில தண்ணி வாங்கி விடுவோம். எல்லாரும் வேலைக்குப் போன பிறகு பகல் பொழுதுலதான் லாரி வரும். அது லாரிக்காரன் வசதி. இந்தப் பிள்ளைக்கு அளவு எப்படித் தெரியும்னு யோசிச்சேன். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, அந்தத் தொட்டி கட்டினப்போ சென்ட்ரிங் பலகை அடிச்சதே அவ அப்பாதான். 'யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு அன்னிக்கே காபி எல்லாம் போட்டுக் குடுத்திருந்தேன்.

எனக்குக் கோவம் வந்துச்சா, அழுகை வந்துச்சான்னு தெரியல. ஆனா ஒண்ணு சொல்லணும். கேள்வி இருக்கே, கேள்வி! அதுல லிட்டரைக் கன மீட்டராக்கணும். அதை அடிப்பரப்பால வகுக்கணும். வர்ற விடையை மில்லிமீட்டராக்கணும். மூணு படி! நானே இதுவரைக்கும் கன அளவைக் கண்டுபிடின்னுதான் கேட்டிருக்கேன், மட்டம் எவ்வளவு எறங்கும்னு கேட்டதில்ல. கை தன்னால சாக்பீசை எடுத்துருச்சு. "போடுங்க"ன்னேன்.

முப்பது லிட்டர். அடிப்பரப்பு அஞ்சு சதுர மீட்டர். அஞ்சு நிமிசத்துல கிளாஸே சேந்து சொல்லுச்சு: "ஆறு மில்லிமீட்டர், டீச்சர்!"

பின் பெஞ்சுக்காரி ஸ்கேலைத் தூக்கி, ஆறு மில்லிமீட்டர்னா எவ்வளவுன்னு கட்டைவிரல் நகத்தை வச்சுப் பக்கத்துல இருக்கவளுக்குக் காட்டுறா. நகத்துல பாதி. மதிவதனி உக்காரவே இல்ல. திட்டு வாங்கத் தயாரா நிக்கா, கண்ணு மட்டும் கீழ பாத்துக்கிட்டு. நான் அவ தாளை வாங்கிப் பத்துக்குப் பத்து போட்டேன். கணக்கு சரின்னா சரிதான். அதுல நான் பாரபட்சம் காட்ட மாட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா வாசல்ல திருவிழாக் கூட்டம். முன்னாடி யாருங்கறீங்க? சொர்ணவேல் அண்ணாச்சி! ரெண்டு கையிலயும் ரெண்டு குடம். மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம்.

"டீச்சரம்மா, பாடத்துல தப்பு இருக்குமா?"ன்னாரு.

எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்து கடப்பாரையோட வந்தாரு. சண்டைக்குத்தான் போறாருன்னு நெனைச்சேன். பூந்தொட்டியை நகத்தி வச்சுட்டு, மூடியை நெம்பித் தொறந்துட்டு, "ஆளுக்கு ரெண்டு குடம், வரிசையா வாங்க"ன்னுட்டாரு. எத்தனையோ நாளா இதுக்குக் காத்திருந்த மாதிரி இருந்துச்சு அந்த மனுசன் பேச்சு. வாளியைக் கயித்துல கட்டி எறைச்சு எறைச்சு ஊத்துறாரு, பாட்டு வேற முணுமுணுக்காரு! நான் என்ன செய்ய, நானும் பெருந்தன்மையா ஒதுங்கி நின்னுக்கிட்டேன். தண்ணியைக் குடுக்கறதுல எனக்கு எப்பவும் ஆட்சேபணையே கிடையாது.

எல்லாரும் போனதும் குச்சியை விட்டுப் பாத்தேன். எங்களைத் தவிர இருபத்தெட்டு வீடு வந்திருக்கு. எண்ணூத்தி நாப்பது லிட்டர். பதினாறு புள்ளி எட்டு சென்டிமீட்டர் எறங்கியிருக்கு. இருபத்தொம்போது வரணுமே, ஒரு வீடு குறையுதேன்னு பாத்தா, செல்லக்கிளி வரல.

சுவர்ப் பக்கம் எட்டிப் பாத்தேன். துணி துவைக்கிற கல்லு காஞ்சு கிடக்கு. அவ வீட்டுல விளக்குப் போட்டிருக்கு, சத்தம் இல்ல. ஏன் வரலன்னு கேக்கணும்னுதான் போனேன். வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு ஒரு குடம் எடுத்தேன். அவ ரெண்டு குடம் கேட்டவளாச்சேன்னு திரும்பி வந்து இன்னொண்ணும் எடுத்துட்டுப் போனேன். எனக்கு முட்டி வலி வேற. அவ வாசல்ல வச்சுட்டு நின்னேன்.

செல்லக்கிளி வந்தா. குடத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா. தூக்கிட்டுப் போய் அண்டாவுல ஊத்தினா. குடத்தைக் கழுவித் திருப்பிக் கொண்டாந்து குடுத்தா.

"எம் மகளுக்கு எத்தனை மார்க் போட்டீங்க டீச்சர்?"

"பத்துக்குப் பத்து."

"பத்தாயிரம் லிட்டர் வச்சிருக்கீங்க, மார்க் பத்துதானா?"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சும்மா. அவளுக்கும் வந்துருச்சு. அவ சிரிச்சுக்கிட்டே முந்தானையை எடுத்துக் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. நான் அதைப் பாக்காத மாதிரி கறிவேப்பிலை மரத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். வீட்டுக்கு வந்து குச்சியை விட்டுப் பாத்தேன். ஆறு மில்லிமீட்டர் கணக்குல வருது, கண்ணுக்குத் தெரியவே இல்ல.

இதோட முடிஞ்சிருச்சுன்னு நெனைச்சா, அண்ணாச்சி சும்மா விடல. தண்ணி எடுத்தது பத்தாதுன்னு மேலிடத்துல புகார் குடுத்துட்டாரு. கேள்வித்தாள் மூலமா மான நஷ்டமாம். கல்வி ஆபீசுல இருந்து பெரிய ஆபீசர் ஒருத்தர் விசாரணைக்கு வந்துட்டாரு. ஹெச்செம் ரூம்ல உக்காந்து என் கேள்வித்தாள், பிள்ளைங்க எழுதின கணக்கு எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் படிச்சாரு. படிக்கப் படிக்க அவரு தோள் குலுங்குது. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு.

"இதுல உங்களை எங்க சொல்லியிருக்கு?"ன்னு அண்ணாச்சியைக் கேட்டாரு.

"ஒரு செயலாளர்னு போட்டிருக்கே சார், அது நான்தான்."

"நீங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"தொட்டி அளவு சரியா இருக்கே சார்! மூணு, ரெண்டு, ஒன்றரை. எங்க தொட்டியேதான்!"

"அப்ப அந்த மூவாயிரத்து அறுநூறு லிட்டர் எங்கே?"

அண்ணாச்சி மேல பாத்தாரு. அப்பறம் கீழ பாத்தாரு. "ஒரு அவசர வேலை சார்"னு எந்திரிச்சுப் போனவரு, திரும்பி வரவே இல்ல.

ஆபீசர் ஹெச்செம் பக்கம் திரும்பினாரு. "மேடம், இந்த முறுக்கு டின்ல வர்ற தலைமை ஆசிரியை..."

"கற்பனை சார்"னாங்க வசந்தமல்லிகா அம்மா, அவரு முடிக்கறதுக்குள்ள. "முழுக்க முழுக்கக் கற்பனை."

"வாசலுக்கு அடியில தொட்டி வச்சிருக்க இந்தக் கணித ஆசிரியை?"

நான் சொன்னேன், "அதுவும் கற்பனைதான் சார்."

ஹெச்செம் என்னைப் பாத்தாங்க. நான் அவங்களைப் பாத்தேன். அத்தனை மாசம் கழிச்சு அவங்க உதட்டோரம் லேசா ஒரு அசைவு. அன்னிக்கு மதியம் அவங்க டிபன் பாக்ஸ்ல இருந்து எனக்கு ரெண்டு வடை வந்துச்சு.

ஆபீசர் அப்பறம் கிளாசுக்கு வந்தாரு. சாக்பீஸ் பெட்டி, பீரோ, தண்ணித் தொட்டின்னு கேள்வி மேல கேள்வி கேட்டாரு. 'சி' பிரிவும்மா! ஒருத்திகூடத் தடுமாறல. முழுப் பரீட்சையிலயும் கணக்குல ஒருத்தி ஃபெயில் இல்ல. மத்த டீச்சருங்க இப்ப எனக்காக வருத்தப்படுறதை விட்டுட்டாங்க, தங்களுக்காக வருத்தப்படுறாங்க.

விருதுநகர் வரப்போகுது போல. அந்தக் கூடையை எடுத்துக்கோங்க. எனக்கு இங்க என்ன வேலைன்னு கேக்கவே இல்லையே நீங்க? நல்ல பழக்கம். ஆனா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்த ஆபீசர் போன வாரம் போன் பண்ணினாரு. காலாண்டுப் பரீட்சைக்கு மாவட்டம் பூராவுக்கும் ஒரே கணக்குத் தாள். அதை எடுக்கற குழுவுல என்னைப் போட்டிருக்காங்க. முதல் பாடமே கணங்கள். இந்தப் பக்கம் பேசுறவங்க ஒரு கணம், அந்தப் பக்கம் பேசுறவங்க ஒரு கணம், ரெண்டு பக்கமும் போய்ப் பேசுறவங்க வெட்டுக் கணம். ஒரு மாவட்டத்துல எத்தனை ஊரு, எத்தனை தெரு இருக்கு, யோசிச்சுப் பாருங்க!

தாள் யார் எடுக்கறாங்கன்னு ஈ எறும்புக்குக்கூடத் தெரியக் கூடாதாம். ஆபீசர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. என்னைப் பத்தித் தெரியாத மனுசன். இந்த பஸ்ல உங்களுக்கும் அந்த முன் சீட்டு அக்காவுக்கும் தவிர வேற ஒருத்தருக்கும் தெரியாது. கண்டக்டருக்குக்கூடப் பாதிதான் சொல்லியிருக்கேன்.